ஃபாயில் பிளேடு: கனமும் கூடாது, சீக்கிரம் முறியவும் கூடாது

வாள்வீச்சில் முனையால் மட்டும் குத்தித் தொடும் மெல்லிய வாள்தான் ஃபாயில். அதற்கு பிளேடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எது எடை குறைவு? எது நாள்பட உழைக்கும்? இரண்டுக்கும் கடையில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எஃப்.ஐ.இ. முத்திரை போட்டதை வாங்கிக்கொள்ளுங்கள்." சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பின் அந்த முத்திரையைப் பார்த்தால் பிளேடு எந்த எஃகால் ஆனது, எந்த வரம்புக்குள் வளையும் என்பது தெரியும். கையில் எப்படி நிற்கும் என்பது தெரியாது. ஒரே முத்திரை பெற்ற இரண்டு பிளேடுகளில் ஒன்று விரல்களுக்குச் சொன்னபடி கேட்கும். மற்றது மூன்றாவது ஆட்டத்திலேயே மணிக்கட்டை இழுக்கத் தொடங்கிவிடும்.

இங்கே பேசுவது பெரியவர்கள் பயன்படுத்தும் 5-ஆம் எண் மின் பிளேடு (தொடுதலைக் கருவிக்குச் சொல்லும் கம்பி பதித்தது) பற்றி மட்டும். (பவானி தேவியைப் பார்த்து வாள்வீச்சுக்கு வந்தவர்கள் கவனிக்க: அவருடையது வெட்டியும் தொடும் சேபர். அந்த பிளேடின் கணக்கே வேறு.) விதிப்படி ஃபாயில் பிளேடின் நீளம் அதிகபட்சம் 90 செ.மீ., முழு ஆயுதத்தின் நீளம் 110 செ.மீ., மொத்த எடை 500 கிராமுக்குள். இந்த 500 கிராம் வரம்பை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இன்று பூட்டப்படும் ஃபாயில்கள் ஏறக்குறைய எல்லாமே அதற்கு வெகு கீழேதான் நிற்கும். எனவே விதிக்காக எடை குறைந்த பிளேடு யாருக்கும் தேவைப்படுவதில்லை. முனையை வேகமாகத் திருப்பவும் நினைத்த இடத்தில் நிறுத்தவும்தான் அது தேவை.

அப்படியானால் மொத்த எடையை விட, அந்த எடை பிளேடில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். கையைச் சுற்றி ஒரு பொருளைச் சுழற்றும்போது அது காட்டும் எதிர்ப்பு, தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். கையிலிருந்து 90 செ.மீ. தள்ளி முனையில் இருக்கும் ஒரு கிராம், 10 செ.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு கிராமைப் போல 81 மடங்கு எதிர்ப்பைத் தரும். கையைக் காக்கும் வட்டத் தட்டான கார்டில் பத்து கிராம் குறைத்தால் தராசு காட்டும், கை உணராது. பிளேடின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் மூன்று கிராம் குறைந்தால் கை உடனே உணர்ந்துவிடும். விற்பனைப் பக்கத்தில் "மிக இலகுவான பிளேடு" என்று போட்டிருந்தால், எந்தப் பகுதியில் உலோகத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கார்டை ஒட்டிய தடித்த பகுதியில் குறைத்திருந்தால் அந்த விளம்பரத்தால் உங்களுக்கு லாபம் இல்லை.

கிரிப் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்று கனமான கிரிப்பைக் கழற்றிவிட்டு துப்பாக்கிப் பிடி போன்ற மெல்லிய அலுமினிய பிஸ்டல் கிரிப் போடுவார்கள். மொத்த எடை குறையும், சமநிலைப் புள்ளி முனைப் பக்கம் நகரும், ஆயுதம் முன்னைவிடக் கனமாகத் தோன்றும். கிரிப் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஃபாயிலை ஒரு விரலில் கிடத்தி, கார்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் சமமாக நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தராசு காட்டும் எண்ணைவிட இந்த எண்தான் பயன்படும்.

மெலிந்த பிளேடுக்கும் ஒரு விலை உண்டு. செவ்வக வெட்டுமுகம் கொண்ட ஒரு கம்பியின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. அகலத்தை மாற்றாமல் தடிமனில் 10 சதவீதம் குறைத்தால் எடை 10 சதவீதம்தான் குறையும், விறைப்போ 27 சதவீதம் போய்விடும். அதனால்தான் மிக இலகுவான பிளேடுகளில் பல, ஓர் அடிக்குப் பிறகு முனையில் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. எதிராளியின் குத்தைத் தடுத்து (பேரி), பதில் குத்துக்கு (ரிப்போஸ்ட்) போகும்போது முனை இன்னும் ஆடிக்கொண்டிருந்தால், மிச்சப்படுத்திய கிராம்களால் ஒரு நன்மையும் இல்லை.

இந்த நெகிழ்வுக்கும் விதியில் அளவு உண்டு. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முனையிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் பிளேடைக் கிடைமட்டமாக மேசை விளிம்பில் இறுக்கிப் பிடியுங்கள். முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளி 200 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். ஒரு சின்னப் பையில் தண்ணீர் ஊற்றி, பையோடு சேர்த்து 200 கிராம் வருமாறு சமையலறைத் தராசில் சரிபார்த்தால் போதும். முனை கீழே இறங்கிய தூரம் 5.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 9.5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. 6-ஐ ஒட்டி வந்தால் விறைப்பானது. 9-ஐ ஒட்டி வந்தால் நன்கு நெகிழ்வது. கடைகளில் சொல்லும் "சாஃப்ட்", "மீடியம்", "ஸ்டிஃப்" என்ற பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறும், சென்டிமீட்டர் மாறாது.

எந்த எண் யாருக்குப் பொருந்தும் என்பது ஆடும் முறையைப் பொறுத்தது. 2005-க்கு முன், தொடுதலைப் பதிவுசெய்யும் ஃபாயில் கருவி 1 முதல் 5 மில்லிவிநாடித் தொடர்பையே தொடுதலாக ஏற்றது. சவுக்கைப் போல் பிளேடைச் சுண்டி முதுகில் தொடும் ஃபிளிக் அப்போது செழித்தது, நெகிழ்வான பிளேடுக்கு மவுசும் இருந்தது. 2005 முதல் அது 14 மில்லிவிநாடி, ஒன்று கூடவோ குறையவோ. முனை ஒரு கணமாவது ஊன்றி நிற்க வேண்டும் என்றானது. ஃபிளிக் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அதற்காகவே தொளதொளவென்று பிளேடு எடுப்பதில் இப்போது பொருள் இல்லை. நேர்க்குத்தும் பேரி-ரிப்போஸ்டும் முக்கிய ஆயுதமாக வைத்திருப்பவருக்கு 6 முதல் 7 செ.மீ.; தோளுக்கும் முதுகுக்கும் கோணத்தில் போகிறவருக்கு 7.5 முதல் 8.5 செ.மீ. எங்கள் பரிந்துரை இதுதான். 9-ஐத் தாண்டிய பிளேடைப் போட்டிக்கு எடுக்க வேண்டாம்; கொஞ்ச நாள் பயன்பாட்டில் உரசித் தேய்ந்தாலே ஆயுதப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும்.

இனி எஃகு. சர்வதேசப் போட்டிகளில் ஃபாயிலுக்கு மாரேஜிங் எஃகு கட்டாயம். 1982-இல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் மத்தியாஸ் பேரின் பிளேடு முறிந்து, மாஸ்கோ ஒலிம்பிக் ஃபாயில் சாம்பியன் விளாடிமிர் ஸ்மிர்னோவின் முகக்கவசத்தைத் துளைத்தது. சில நாட்களில் அவர் இறந்தார். பிளேடு, முகக்கவசம், உடை மூன்றுக்கும் இன்றிருக்கும் கடுமையான தரங்கள் அந்த விபத்துக்குப் பிறகு வந்தவை.

மாரேஜிங் எஃகில் கரி கிட்டத்தட்ட இருக்காது. சுமார் 18 சதவீதம் நிக்கலும், கோபால்ட், மாலிப்டினம், டைட்டானியம் ஆகியவையும் சேரும். 480 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்துப் பதப்படுத்தும்போதுதான் அதற்கு வலு வருகிறது. பிளேடாக அதன் பெரிய நன்மை, விரிசல் விழுந்த பிறகு அது கார்பன் எஃகில் பரவுவதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவும் என்பது. மாரேஜிங் பிளேடு முறிந்தால் மொட்டையாக, ஆபத்தில்லாமல் முறியும் என்று பயிற்சிக் கூடங்களில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது கட்டுக்கதை. முறிந்த முனை கார்பனைப் போலவே கூராகத்தான் இருக்கும். அடிக்கடி முறியாது, அவ்வளவுதான்.

கம்பி, முனையோடு சேர்ந்த மாரேஜிங் பிளேடின் விலை, அதே அளவுள்ள கார்பன் பிளேடைப் போல் இரண்டு மூன்று மடங்கு வரும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். வாரத்துக்கு நான்கைந்து நாள் ஆடுகிறவருக்கு இது கட்டுப்படியாகும். புதிதாகக் கற்பவருக்கு ஆகாது. நேராகக் குத்தாமல் பக்கவாட்டில் முட்டி, தூரத்தைத் தப்பாகக் கணித்து நெருங்கிப் போய் வளைத்து, எந்த எஃகானாலும் அவர் ஒரு கை பார்த்துவிடுவார். முதல் ஆண்டுக்குக் கார்பன் பிளேடு போதும். கார்பன் எளிதில் வளைந்து அப்படியே நின்றுவிடும் என்பதையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம்: பிளேடு எந்தப் பக்கம் கோணுகிறது என்று பார்த்தாலே கை செய்யும் பிழை தெரியும்.

தயாரிப்பாளர்களைப் பொறுத்தவரை முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கடைப் பெயரும் பட்டறைப் பெயரும் பல நேரம் வேறு வேறு. உபகரணம் விற்கும் நிறுவனங்களில் பல, வேறு பட்டறையில் அடித்த பிளேடைத் தங்கள் பெயரில் விற்கின்றன. கார்டுக்கு அருகே பிளேடில் பொறித்திருக்கும் எஃப்.ஐ.இ. முத்திரையையும் பட்டறைக் குறியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள பெயரை நம்ப வேண்டாம்.

பிரான்சின் பிளேஸ் ஃப்ரேர், சுருக்கமாக பி.எஃப்., எங்கள் முதல் பரிந்துரை. தராசில் இவை மிக இலகுவானவை அல்ல. ஆனால் தடிமன் கார்டிலிருந்து முனை வரை சீராகக் குறைந்துகொண்டே போவதால் வளைவு ஒரே இடத்தில் குவியாது. நீடித்த உழைப்புக்குக் காரணம் இதுதான். ஒரு பிளேடு பிடித்துப்போய் இரண்டாவதை அதே வகையில் வாங்கினால், கிட்டத்தட்ட அதே கைப்பாங்கு கிடைக்கும். போட்டியாளருக்கு இது சின்ன விஷயமல்ல. நடு ஆட்டத்தில் ஆயுதம் மாற்ற நேர்ந்தால் கை தடுமாறக் கூடாது.

லண்டனின் லியோன் பால் தன் பிளேடுகளைத் தானே செய்கிறது. அதன் இலகு ரக பிளேடுகளை முனை வேகத்தை முதலில் பார்ப்பவர் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம். முனைப் பக்கம் குறைத்திருப்பது பேரியில் தெரியும். கனமாக அடித்து ஆடும் எதிராளிகளிடம் அந்த இலகுத்தன்மை திரும்பி உங்களையே தாக்கும். எதிராளி தட்டினால் முனை தூரம் போய்த் திரும்பும். உக்ரைனின் விநிதி, எஸ்.டி.எம். இரண்டும் விலைக்கு நல்ல பிளேடுகள். ஆனால் ஒரே வகையில் ஒன்றுக்கொன்று விறைப்பு மாறுபடுவதைப் பார்க்கலாம் என்பதால், 200 கிராம் சோதனை செய்து தேர்ந்தெடுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். சீன மாரேஜிங் பிளேடுகளுக்கும் இதே அறிவுரை, இன்னும் அழுத்தமாக. நன்றாக அமைந்தது மிக நன்றாகவே இருக்கும். அதற்குப் பக்கத்தில் கிடந்தது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கலாம்.

எடையைக் கேட்கும்போது எதோடு சேர்த்துக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வெற்றுப் பிளேடா, கம்பி ஒட்டியதா, பேரலும் பாயின்டும் (முனையில் திருகும் குழலும் அதனுள் அழுந்தும் பொத்தானும்) போட்டதா? ஒரு விற்பனையாளர் வெற்று எடையையும் இன்னொருவர் முழு எடையையும் தந்தால் ஒப்பிட வழியில்லை. கிரிப்புக்குள் போகும் பின்பகுதியான டாங்கின் நீளமும் எடையைக் கூட்டும். பிஸ்டல் கிரிப் போடுகிறவர் அதில் ஒரு துண்டை எப்படியும் வெட்டப்போகிறார்.

பிளேடு கைக்கு வந்ததும் ஒரு கண்ணை மூடி, கார்டு பக்கத்திலிருந்து முனையை நோக்கிப் பாருங்கள். பக்கவாட்டுக் கோணல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மேல்கீழ் வளைவு மட்டும், 1 செ.மீ.க்குள் அனுமதி. பிறகு முனையைச் சுவரில் மெதுவாக ஊன்றி, பள்ளம் உள்ள பக்கம் மேலே எழும்பும்படி வளைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வில் போன்ற ஒரே சீரான வளைவு வேண்டும். ஓரிடத்தில் முழங்கை மடிந்ததுபோல் தெரிந்தால், எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் அந்தப் பிளேடு வேண்டாம். முறிவு அங்கேதான் வரும்.

மெலிந்த பிளேடு சீக்கிரம் முறியும் என்ற பொதுவான நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். லஞ்சில், அதாவது முன்காலை நீட்டிப் பாய்ந்து குத்தும்போது, எவ்வளவு நெருங்கிப் போகிறீர்கள் என்பதே பிளேடு எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே அளவு வளைவில், மேற்பரப்பில் ஏற்படும் இழுவிசை தடிமனுக்கு நேர் விகிதம். தடித்த, விறைப்பான பிளேடுக்குத்தான் ஒவ்வொரு தொடுதலிலும் அதிக இழுவிசை. மெலிந்ததன் பலவீனம் வேறொன்று: பேரியில் விழும் வெட்டு வடு. அரை மில்லிமீட்டர் வடு தடித்த பிளேடில் ஒரு கீறல். மெலிந்ததில் அது வெட்டுமுகத்தில் கணிசமான பங்கு. ஆகவே இலகுவான பிளேடும் நீண்ட நாள் வரும், வடுக்களை அவ்வப்போது நீக்கினால்.

நீக்கும் முறை எளிது. பஞ்சை விரலில் சுற்றி பிளேடின் நான்கு விளிம்புகளிலும் ஓட்டுங்கள். நார் சிக்கும் இடத்தில் வடு இருக்கிறது. மெல்லிய அரத்தால் பிளேடின் நீளவாக்கில் தேயுங்கள், பிறகு நுண்ணிய உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். குறுக்காக ஒருபோதும் தேய்க்கக் கூடாது. குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் புதிய விரிசலுக்குத் தொடக்கம்.

கம்பிப் பள்ளம் மேல்பக்கத்தில் இருக்கிறது. தொடும்போது பிளேடு மேல்நோக்கி வளைவதால் இழுவிசையும் அந்தப் பக்கத்தில்தான். பசை விட்டுப்போன இடத்தில் வியர்வை இறங்கி, அங்கே துரு பிடித்து, துருக்குழியிலிருந்து விரிசல் கிளம்பும். மாரேஜிங் எஃகில் நிக்கல் இருப்பதால் துருப்பிடிக்காது என்று நினைப்பது தவறு, நன்றாகவே பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈர ஜாக்கெட்டோடு ஒரே பையில் பிளேடை விட்டால் மறுநாளே செம்புள்ளி தெரியும். உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை இழுத்துவிடுங்கள். முனையில் எண்ணெய் படக் கூடாது. ஆட்டத்துக்கு முன் அதையும் துடைத்துவிட வேண்டும். முனையிலிருந்து 15 செ.மீ. வரை சுற்றும் காப்பு டேப்பின் அடியில்தான் ஈரம் அதிகம் தங்கும். டேப்பை மாற்றும்போதெல்லாம் அங்கே பாருங்கள்.

பூட்டும்போது நிகழும் தவறுகள் பிளேடின் ஆயுளைப் பாதியாக்கும். டாங்க் கிரிப்புக்குள் போகவில்லை என்றால் கிரிப்பின் துளையை அரத்தால் பெரிதாக்குங்கள், டாங்கைத் தேய்க்காதீர்கள். டாங்கை வெட்டுவதானால் முதலில் எம்6 நட்டை உள்ளே ஏற்றிவிட்டு வெட்டுங்கள். நட்டைக் கழற்றும்போது வெட்டு முனையின் மரை சரியாகிவிடும். பிடி கோணத்துக்காக டாங்கை வளைப்பவர்கள், வைஸின் தாடைகளுக்கு அலுமினியத் தகடு கொடுத்து, சிறிது சிறிதாக, டாங்க் நெடுகப் பரவலாக வளைக்க வேண்டும். கார்டு உட்காரும் தோளிலேயே மடித்தால் அங்கே முறியும். வளையவில்லையே என்று தீயில் காட்டவே கூடாது, பதம் போய்விடும்.

ஆட்டத்தில் பிளேடு தலைகீழாக, அதாவது கீழ்நோக்கி வளைந்துவிட்டால் உடனே சரிசெய்யுங்கள். இரு திசையிலும் மாறி மாறி வளைவதுதான் உலோகத்தைச் சோர்வடையச் செய்கிறது. தரையில் ரப்பர் விரிப்பு போட்டு, கம்பிப் பள்ளம் தரையைப் பார்க்க முனைப் பகுதியை ஷூவின் அடியில் வைத்து, கிரிப்பைச் சற்றே உயர்த்தி மெதுவாக இழுக்க வேண்டும். 25, 30 செ.மீ. நீளத்துக்கு வளைவு பரவ வேண்டும். ஓரிடத்தில் மிதித்து மடக்குகிறவர்களைக் கூடங்களில் தினமும் பார்க்கலாம். அவர்கள் அடிக்கடி புது பிளேடு வாங்குவதும் அதனால்தான்.

நல்ல மாரேஜிங் பிளேடு இரண்டு மூன்று கம்பிகளைத் தாண்டி உழைக்கும். ஃபாயிலில் மின்சுற்று எப்போதும் மூடியே இருக்கும், தொடும்போது திறக்கும். எனவே கம்பி அறுந்தால், இலக்குக்கு வெளியே பட்டதைக் காட்டும் வெள்ளை விளக்கு தொடர்ந்து எரியும்; பிளேடை வளைக்கும்போது மட்டும் எரிந்தால் கம்பி உள்ளே பாதி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பேரலின் அடியில் அல்லது கார்டின் துளையைக் கடக்கும் இடத்தில். பழைய பசையை அசிட்டோனில் ஊறவைத்து எடுங்கள். தீயில் எரித்து எடுப்பது வேகமான வழிதான், ஆனால் எஃகையும் கெடுக்கும். புதுக் கம்பியை ஒட்டும்போது பிளேடை மேல்நோக்கிய வளைவில் வைத்து ஒட்டினால் பிறகு இழுபடாது. பேரலும் பாயின்டும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்கட்டும். கலந்து போட்டால், முனையின் ஸ்பிரிங் 500 கிராம் எடையைத் தூக்குகிறதா என்று பார்க்கும் சோதனையில் முனை ஒட்டிக்கொள்ளும்.

போட்டிக்குப் போகிறவர் ஒரே பட்டறை, ஒரே வகை, நெகிழ்வில் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசமில்லாத இரண்டு பிளேடுகள் எடுக்கட்டும். வெவ்வேறு வகையில் ஒன்று மிக நல்லது, மற்றது சுமார் என்று வைத்திருப்பதைவிட இதுவே மேல். பயிற்சிக்கு மூன்றாவதாக ஒரு பழையது. எஸ் வடிவில் கோணி நேராக்கியும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் மடியும் பிளேடையும், வெளிச்சத்தில் வளைத்துப் பார்க்கும்போது குறுக்கே மயிரிழைக் கோடு தெரியும் பிளேடையும் பயிற்சிக்கும் வைக்காதீர்கள். அவற்றை இரண்டாக வெட்டி, முனை, கார்டு, கிரிப் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.